யெலாவிச் நீக்கம், 2001: போஸ்னியாவின் மூவர் அதிபர் பதவியில் நடந்தது

போஸ்னியா ஹெர்ஸகோவினாவுக்கு ஒரு அதிபர் கிடையாது, மூன்று பேர் உண்டு. ஒரு போஸ்னியாக் (போஸ்னிய முஸ்லிம்), ஒரு குரோட், ஒரு செர்ப். எட்டு மாதத்துக்கு ஒருமுறை தலைமை நாற்காலி ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும். செர்ப் உறுப்பினரை ரெபுப்ளிக்கா ஸ்ர்ப்ஸ்கா என்ற பகுதியில் இருப்பவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். மற்ற இருவரையும் ஃபெடரேஷன் என்ற இன்னொரு பகுதியில் இருப்பவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஃபெடரேஷனில் வாக்களிக்கப் போகிறவர் போஸ்னியாக் வேட்பாளர்களில் ஒருவருக்கு வாக்களிக்கலாம், அல்லது குரோட் வேட்பாளர்களில் ஒருவருக்கு வாக்களிக்கலாம். இரண்டும் முடியாது. ஆனால் வாக்களிப்பவர் எந்த இனம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. இந்தக் கடைசி விவரத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்த மூவரில் குரோட் உறுப்பினராக இருந்த ஆன்டே யெலாவிச், 2001 மார்ச் 7 அன்று பதவி நீக்கப்பட்டார். மக்கள் அவரைத் தோற்கடிக்கவில்லை. நாடாளுமன்றமும் நீதிமன்றமும் அவரை வெளியேற்றவில்லை. வொல்ஃப்காங் பெட்ரிட்ச் என்ற ஆஸ்திரியத் தூதர் ஒரு உத்தரவில் கையெழுத்திட்டார், அவ்வளவுதான். சமாதான ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்த உலக நாடுகள் அமர்த்திய உயர் பிரதிநிதி அவர். அதற்கு முன்பும் பலர் அப்படி நீக்கப்பட்டிருக்கிறார்கள். மூவர் பதவியில் இருந்த ஒருவர்மேல் அந்த அதிகாரம் பாய்ந்தது அதுவே முதல் முறை.

யெலாவிச்சை நீக்கியது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அவர் கையில் எடுத்த குறை, குரோட் இடங்களில் யார் உட்கார வேண்டும் என்பதை மற்றவர்கள் முடிவு செய்கிறார்கள் என்ற குறை, பொய்யல்ல. ஆளையும் குறையையும் ஒன்றாகக் கட்டி வெளியே தள்ளியதில்தான் தவறு நடந்தது என்பது என் கருத்து. அதைச் சொல்ல, கதையை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

ஒப்பந்தம் கொடுத்த அமைப்பு

1992 முதல் 1995 வரை நடந்த போரில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். 1995 நவம்பரில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் நகரை ஒட்டிய விமானப்படைத் தளத்தில் மூன்று வாரம் பேச்சு நடந்தது. டிசம்பர் 14 அன்று பாரிஸில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நாட்டின் அரசியல் சாசனம் அந்த ஒப்பந்தத்தின் 4ஆம் இணைப்பாக வந்தது. எந்த நாடாளுமன்றமும் அதை வரி வரியாக விவாதித்து ஏற்கவில்லை, எந்த வாக்கெடுப்பும் நடக்கவில்லை. சண்டையை நிறுத்துவதுதான் அன்றைய அவசரம். அதில் குறை காண எனக்கு மனம் வரவில்லை. துப்பாக்கி ஓய்ந்தது, அது பெரிய விஷயம்.

ஆனால் சண்டையை நிறுத்தப் போட்ட கணக்கே நாட்டை ஆளும் விதியாகவும் ஆகிவிட்டது. மூவரும் கூடியவரை ஒருமனதாக முடிவெடுக்க வேண்டும். முடியாதபோது இருவர் சேர்ந்து முடிவெடுக்கலாம். ஆனால் தோற்ற மூன்றாமவர் மூன்று நாளுக்குள் ‘இது என் பகுதியின் உயிர்நலனைக் கெடுக்கிறது’ என்று அறிவித்தால் முடிவு தொங்கிவிடும். அவர் செர்ப் என்றால் ரெபுப்ளிக்கா ஸ்ர்ப்ஸ்காவின் சட்டமன்றத்துக்குப் போகும். போஸ்னியாக் அல்லது குரோட் என்றால் ஃபெடரேஷன் நாடாளுமன்றத்தின் ‘மக்களினங்களின் அவை’யில் அந்தந்த இனத்து உறுப்பினர்களிடம் போகும். அங்கே பத்து நாளுக்குள் மூன்றில் இரண்டு பங்கு பேர் அவரை ஆதரித்தால் முடிவு செத்துவிடும்.

இங்கே குரோட்டுகளின் நிலை மற்ற இரண்டு இனங்களைப் போன்றதல்ல. செர்ப் மக்களுக்குத் தனியாக ஒரு பகுதியே இருந்தது. ஃபெடரேஷனில் போஸ்னியாக்குகள் பெரும்பான்மை. 1991 மக்கள்தொகைக் கணக்கில் குரோட்டுகள் நாட்டில் 17.4 சதவீதம். 2013 கணக்கில் அது 15.4 ஆகக் குறைந்தது. 1994 மார்ச்சில் வாஷிங்டன் ஒப்பந்தம் குரோட்டுகளையும் போஸ்னியாக்குகளையும் ஒரே ஃபெடரேஷனில் சேர்த்தபோது, எண்ணிக்கையில் சிறியவர்களுக்கு அரணாகத்தான் அந்த மக்களினங்களின் அவை அமைந்தது. இரு இனத்துக்கும் ஆளுக்கு முப்பது இடம். குரோட் அரசியல்வாதிகளுக்கு வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் மாதிரி அது. அந்தத் தாழ்ப்பாளை யார் போடுவது, யார் திறப்பது என்பதில்தான் 2000ல் வெடித்தது.

உயர் பிரதிநிதியின் அதிகாரத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒப்பந்தத்தின் 10ஆம் இணைப்பு, அதன் பொருளை விளக்குவதில் இறுதிச் சொல் அவருடையது என்கிறது. 1997 டிசம்பரில் ஜெர்மனியின் பான் நகரில் கூடிய சமாதான நடைமுறைக் குழு, அதை வைத்து அவர் சட்டம் போடலாம், தடையாக இருக்கும் அதிகாரிகளை நீக்கலாம் என்று ஏற்றுக்கொண்டது. நீக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்ய எந்த இடமும் இல்லை.

கிடங்கிலிருந்து அதிபர் பதவிக்கு

யெலாவிச் 1963ல் பிறந்தவர். சொந்த ஊர் குரோஷியாவின் வ்ர்கோரட்ஸ் பக்கம், ஹெர்ஸகோவினா எல்லையை ஒட்டியது. போர்க்காலத்தில் எச்.வி.ஓ. என்ற போஸ்னிய குரோட் படையில் தளவாடப் பிரிவில் இருந்தார். முன்னணியில் நின்று பெயர் வாங்கியவர்கள் ஒரு வகை. யெலாவிச்சின் வேலை பொருள் கொண்டுவருவது, பணம் பட்டுவாடா செய்வது, எந்தப் படைக்கு என்ன போகிறது என்று பார்ப்பது. போர் முடிந்த நாட்டில் அப்படிப்பட்ட வேலை பார்த்தவருக்குத் தெரிந்த ஆட்களும் தெரிந்த கணக்குகளும் சாதாரணமானவை அல்ல. பிறகு ஃபெடரேஷனின் பாதுகாப்பு அமைச்சர் ஆனார்.

அவரது கட்சி எச்.டி.இசட்., குரோட் ஜனநாயக ஒன்றியம். குரோஷியாவின் அதிபர் ஃப்ரான்யோ டுஜ்மானின் கட்சிக்குப் போஸ்னியாவில் இருந்த உடன்பிறப்பு அது. போஸ்னிய குரோட் அரசியலுக்குப் பணமும் கட்டளையும் குரோஷியத் தலைநகர் ஸாக்ரெபிலிருந்து வந்தன. 1991 நவம்பரில் அறிவிக்கப்பட்ட ஹெர்ஸெக்-போஸ்னா என்ற தனி ஆட்சி, ஃபெடரேஷன் வந்த பின்பும் காகிதத்தில்தான் கலைந்திருந்தது. ஹெர்ஸகோவினாவின் பெரிய நகரமான மொஸ்டாரின் மேற்குப் பக்கத்தில் குரோஷியாவின் அன்றைய நாணயமான கூனா புழங்கியது. பள்ளிகளும் ஓய்வூதியமும் தனியாக நடந்தன. நெரெட்வா ஆற்றின் மேல் இருந்த பழைய பாலத்தை 1993 நவம்பர் 9 அன்று குரோட் படையின் குண்டுகள் தகர்த்திருந்தன. அதே ஊரைத் தங்கள் தலைநகராக அந்தத் தலைவர்கள் பார்த்தார்கள்.

1998 மே மாதம் கட்சி மாநாடு. ஹெர்ஸகோவினாவில் பிறந்து குரோஷியாவின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த, இந்தப் பணவழிக்கெல்லாம் மையமாக இருந்த கொய்கோ ஷுஷாக் அந்த மாதத் தொடக்கத்தில்தான் இறந்திருந்தார். டுஜ்மான் விரும்பிய வேட்பாளர் போஜோ லூபிச் என்ற மருத்துவர். மாநாடு அவரை விட்டுவிட்டு யெலாவிச்சைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. இதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். யெலாவிச் ஸாக்ரெபின் கைப்பாவை என்றே பலர் எழுதுகிறார்கள். ஸாக்ரெப் பணத்தில் வளர்ந்த அமைப்பின் ஆள்தான் அவர், ஆனால் ஸாக்ரெப் சொன்ன ஆளைத் தோற்கடித்துத்தான் மேலே வந்தார். கட்சிக்குள் அவருக்குச் சொந்த பலம் இருந்தது. லூபிச் பெயரையும் மறந்துவிடாதீர்கள், இந்தக் கதையில் அவர் மறுபடி வருவார்.

அதுவரை மூவர் பதவியில் குரோட் உறுப்பினராக இருந்த க்ரெஷிமிர் ஸுபாக் கட்சியை விட்டு வெளியேறிப் புதுக் கட்சி தொடங்கினார். அந்த ஆண்டு செப்டம்பர் தேர்தலில் யெலாவிச் எளிதாக வென்றார். போஸ்னியாக் இடத்தில் அலியா இஸெத்பெகோவிச், செர்ப் இடத்தில் ஜிவ்கோ ராடிஷிச்.

1999 ஜூனில் தலைமை நாற்காலி அவர் முறைக்கு வந்தது. ஜூலை இறுதியில் சரயேவோவில் தென்கிழக்கு ஐரோப்பாவின் நிலைத்தன்மைக்கான உச்சி மாநாடு நடந்தபோது, உலகத் தலைவர்களை வரவேற்ற அவையின் தலைவர் அவர்தான். நவம்பரில் மூவரும் நியூயார்க் போய் ஐ.நா.வில் ஒரு கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். நாட்டுக்கு ஒரே எல்லைக் காவல் படை என்ற உறுதி அதில் இருந்தது. ஆக, ஒன்றரை ஆண்டு கழித்து இந்த அரசைவிட்டு விலகுவதாகச் சொன்ன அதே மனிதர், இந்த அரசின் முகமாகவும் நின்றிருக்கிறார். பிறவிப் பிரிவினைவாதி என்று அவரைப் பற்றி ஒரே சொல்லில் முடித்துவிட்டால், நடுவில் என்ன மாறியது என்பது தெரியாமலே போய்விடும்.

மாறியது இரண்டு. முதலாவது ஸாக்ரெப். 1999 டிசம்பர் 10 அன்று டுஜ்மான் இறந்தார். 2000 ஜனவரித் தேர்தலில் அவர் கட்சி குரோஷியாவில் ஆட்சியை இழந்தது. புதிய பிரதமர் இவிட்சா ராச்சனும் புதிய அதிபர் ஸ்டெயெபான் மெஸிச்சும் போஸ்னிய குரோட்டுகளிடம் சொன்னது ஒன்றுதான்: உங்கள் தலைநகர் சரயேவோ. எச்.வி.ஓ. படைக்குப் போய்க்கொண்டிருந்த குரோஷியப் பணமும் குறைந்தது, இனி வெளிப்படையான வழியில்தான் வரும் என்றானது. இரண்டாவது மாற்றம் ஒரு தேர்தல் விதி.

யாருடைய வாக்கில் குரோட் உறுப்பினர்?

ஃபெடரேஷனின் மக்களினங்களின் அவைக்கு உறுப்பினர்களை அனுப்புவது, ஃபெடரேஷன் பிரிந்திருக்கும் பத்து கான்டன்களின் (மாவட்டங்கள் மாதிரி) சட்டமன்றங்கள். 2000 வரை குரோட் உறுப்பினர்களைக் குரோட் சட்டமன்ற உறுப்பினர்களும், போஸ்னியாக் உறுப்பினர்களைப் போஸ்னியாக் உறுப்பினர்களும் தேர்ந்தெடுத்தார்கள். அன்று தேர்தலை நடத்தும் பொறுப்பு ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பிடம் இருந்தது. அமெரிக்கத் தூதர் ராபர்ட் பாரி அதன் போஸ்னியத் தூதுக்குழுவுக்குத் தலைவர். நவம்பர் தேர்தலுக்குச் சில வாரமே இருந்த அக்டோபரில், தேர்தல் ஆணையம் விதியை மாற்றியது. இனி கான்டன் சட்டமன்ற உறுப்பினர்கள் எல்லோரும், இன வேறுபாடில்லாமல், எல்லா இடங்களுக்கும் வாக்களிக்கலாம்.

நோக்கம் நல்லது என்றுதான் சொன்னார்கள். இனக் கட்சிகளின் பிடியைத் தளர்த்தினால் மிதவாதிகளுக்கு இடம் கிடைக்கும். நல்ல நோக்கம்தான். ஆனால் போஸ்னியாக் பெரும்பான்மையான கான்டனில் இதன் பொருள் என்ன? அங்கே குரோட் இடத்தில் யார் உட்கார வேண்டும் என்பதைப் போஸ்னியாக் உறுப்பினர்களே முடிவு செய்ய முடியும். சிறுபான்மைக்கு அரணாக இருக்கும் அவையின் ஆட்களைப் பெரும்பான்மையின் வாக்கு தேர்ந்தெடுக்கும் என்றால், பிறகு அதற்கு அரண் என்று என்ன பெயர்? எச்.டி.இசட். இதைச் சொன்னபோது பதவி போகும் பயத்தில் சொன்னது என்பது உண்மை. பயத்தில் சொன்னாலும் அந்தக் கேள்வி கேட்கத்தக்க கேள்விதான். மாற்றத்தைச் செய்தது அந்த மக்கள் தேர்ந்தெடுத்த எந்த அவையும் அல்ல என்பதும், அதுவும் தேர்தல் வாசலில் செய்தார்கள் என்பதும் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

யெலாவிச்சின் பதில் வேகமாக வந்தது. அக்டோபர் 28 அன்று நோவி ட்ராவ்னிக் நகரில் குரோட் தேசிய மன்றம் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தேர்தல் நாளான நவம்பர் 11 அன்றே, குரோட் பகுதிகளில் தங்கள் சொந்த வாக்கெடுப்பையும் நடத்தினார்கள். குரோட்டுகளின் உரிமை பற்றிய அறிக்கையை ஏற்கிறீர்களா என்பது கேள்வி. தேர்தலில் குரோட் வாக்குகளில் பெரும் பங்கு எச்.டி.இசட்.டுக்கே கிடைத்தது. ஆனால் ஸ்லாட்கோ லகும்ஜியாவின் சமூக ஜனநாயகக் கட்சியைச் சுற்றி ‘மாற்றத்துக்கான கூட்டணி’ உருவானது. வெளிநாட்டுத் தூதர்கள் அதை வெளிப்படையாகவே ஊக்குவித்தார்கள். 2001 பிப்ரவரி 22 அன்று பொஜிதார் மாட்டிச் மத்திய அரசின் பிரதமர் ஆனார். அவரும் குரோட்தான், ஆனால் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். ஃபெடரேஷன் அரசும் அதே கூட்டணியிடம் போனது. போருக்குப் பிறகு முதன்முறையாக எச்.டி.இசட். வெளியே நின்றது.

பெரும்பாலான குரோட்டுகள் வாக்களித்த கட்சி இல்லாமல் அரசு அமையலாமா? மற்ற நாடுகளில் இது கேள்வியே இல்லை, தோற்றால் எதிர்க்கட்சி. ஆனால் அதிகாரத்தை இனவாரியாகப் பங்கிட்டுத் தருவோம் என்று சாசனமே சொல்லும் நாட்டில், ஒரு இனத்தின் பெரிய கட்சியை விட்டுவிட்டு அந்த இனத்து வேறு ஆட்களைப் போட்டு அரசு அமைத்தால், அந்த மக்கள் அதை ஏமாற்று என்றே பார்ப்பார்கள். மாட்டிச் நேர்மையான மனிதர் என்பதால் இந்த வருத்தம் தீரவில்லை.

நான்கு நாள்

மார்ச் 3, சனிக்கிழமை, மொஸ்டார். குரோட் தேசிய மன்றம் கூடியது. குரோட் பெரும்பான்மைக் கான்டன்களில் ‘குரோட் தன்னாட்சி’ அறிவிக்கப்பட்டது. ஃபெடரேஷன் அரசை ஏற்க மாட்டோம், விதியைத் திரும்பப் பெற பதினைந்து நாள் அவகாசம், இல்லையென்றால் எங்கள் வழி தனி என்றார்கள்.

எனக்கு யெலாவிச்மேல் இருந்த அனுதாபம் முடிகிற இடம் இது. குறையைச் சொல்ல அவருக்கு மூவர் பதவியே இருந்தது. தடுப்பு அதிகாரம் இருந்தது. அரசியல் சாசன நீதிமன்றம் இருந்தது. அவை எல்லாம் மெதுவாக நகரும் வழிகள், பலன் நிச்சயமில்லை. ஆனாலும் நாட்டின் தலைமைப் பதவிகளில் ஒன்றில் உட்கார்ந்துகொண்டே அதே நாட்டின் அரசை ஏற்க மாட்டேன் என்பது, குறைகேட்பு அல்ல. ஆறு ஆண்டுக்கு முன்புதான் அந்த மலைகளில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். மூவர் பதவியின் ஒவ்வொரு உறுப்பினருக்கும் படைகள்மேல் குடிமைக் கட்டளை அதிகாரம் உண்டு என்று சாசனம் சொல்கிறது. அன்று படைகளும் இனவாரியாகவே பிரிந்திருந்தன. அந்த நிலையில் தனி ஆட்சி என்ற சொல்லைச் சொன்னால் கேட்பவர் காதில் துப்பாக்கிச் சத்தமும் சேர்ந்தே விழும்.

மார்ச் 7 அன்று பெட்ரிட்ச் யெலாவிச்சை மூவர் பதவியிலிருந்து நீக்கினார். கட்சித் தலைமையிலிருந்தும் நீக்கி, பொதுப் பதவியோ கட்சிப் பதவியோ வகிக்கக்கூடாது என்று தடை போட்டார். கட்சியின் துணைத் தலைவர்கள் மார்கோ டோகிச், ஸ்ட்ராவ்கோ பாட்டினிச், இவோ ஆன்ட்ரிச்-லுஜான்ஸ்கி மூவருக்கும் அதேதான். ஒரு கட்சிக்கு யார் தலைவர் என்பதையும் அந்தக் கையெழுத்தே முடிவு செய்தது. அதிபர் பதவியை விட்டு அனுப்பியதற்கு என்னால் காரணம் காண முடிகிறது. கட்சித் தலைவரையும் வெளியார் நீக்குவது அதற்கும் மேலே ஒரு படி.

கட்சி அவரையே தலைவராக வைத்துக்கொண்டு தொடர்ந்தது. மார்ச் கடைசியில் நடந்ததுதான் மிக ஆபத்தானது. ஃபெடரேஷன் படையின் குரோட் பிரிவிலிருந்து ஆயிரக்கணக்கான வீரர்கள் பாசறைகளை விட்டு வெளியேறினார்கள். தன்னாட்சிக்காரர்கள் அவர்களுக்குச் சம்பளம் தருவதாகச் சொன்னார்கள். ஆயுதக் கிடங்குகளை எஸ்ஃபோர் என்ற நேட்டோ தலைமையிலான படை காவல் காத்தது. யாரும் சுடவில்லை. மே மாதம் பேச்சு முடிந்து வீரர்கள் திரும்பினார்கள். சம்பளம் வராததும் இதற்கு ஒரு காரணம். ஏன் வரவில்லை என்பதற்கு விடை ஒரு வங்கியில் இருந்தது.

வங்கி

மொஸ்டாரில் தலைமையகம் வைத்திருந்தது ஹெர்ஸகோவச்கா வங்கி. தன்னாட்சியின் பணம் அதன் வழியாகப் போகிறது என்பது உயர் பிரதிநிதி அலுவலகத்தின் கணிப்பு. ஏப்ரல் 6 அன்று வெளிநாட்டுத் தணிக்கையாளர்களும் ஃபெடரேஷன் அதிகாரிகளும் எஸ்ஃபோர் துணையுடன் மொஸ்டாரிலும் மற்ற பல ஊர்களிலும் இருந்த கிளைகளுக்கு ஒரே நேரத்தில் போனார்கள். பொறுப்பேற்க அமர்த்தப்பட்டவர் டோபி ராபின்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி.

கூட்டம் சேர்ந்தது. கல் பறந்தது, வண்டிகள் எரிந்தன, பலருக்குக் காயம். க்ரூடே என்ற சிற்றூரில் வந்தவர்களில் சிலரை ஆயுதக்காரர்கள் பல மணி நேரம் பிடித்து வைத்து, எடுத்த ஆவணங்களைத் திரும்பப் பறித்தார்கள். அன்று எடுக்க முடியாததை எடுக்க ஏப்ரல் 18 அதிகாலையில் எஸ்ஃபோர் கவச வண்டிகளுடன் திரும்பி வந்தது. மொஸ்டாரில் பெட்டகத்தை வெடி வைத்துத் திறந்தார்கள்.

தன்னாட்சிக்கு மூச்சு நின்றது அங்கேதான். நீக்க உத்தரவு வந்தபின்னும் கட்சியும் கூட்டமும் பாசறையை விட்டு வந்த வீரர்களும் யெலாவிச் பக்கம் நின்றார்கள். பணம் நின்றதும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். தளவாடக்காரராகத் தொடங்கியவரின் கதை பட்டுவாடா நின்ற இடத்தில் முடிந்தது. ஆனால் அந்த வங்கியில் போர்க்கால ரகசியக் கணக்குகள் மட்டும் இல்லை, சாதாரண மக்களின் சேமிப்பும் இருந்தது. ஓய்வூதியம் வாங்கும் கிழவிக்கும் சிறு கடைக்காரருக்கும் அன்று கணக்கு முடங்கியது. அவர்கள் எந்தத் தன்னாட்சியும் அறிவிக்கவில்லை. இந்த நிகழ்வைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எச்.டி.இசட்.டை விட்டு நகரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த எத்தனை பேரை அந்தப் பூட்டிய கவுன்டர் மறுபடி கட்சிக்கே அனுப்பியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

யெலாவிச் 2004 ஜனவரியில் கைதானார். குரோஷியாவிலிருந்து எச்.வி.ஓ. படைக்கு வந்த பணத்தை முறைகேடாகத் திருப்பிவிட்டதாக வழக்கு. 2005ல் போஸ்னியாவின் நீதிமன்றம் பத்து ஆண்டுச் சிறை விதித்தது. அப்போது அவர் குரோஷியாவுக்குப் போய்விட்டிருந்தார், அந்நாட்டுக் குடியுரிமையும் அவருக்கு உண்டு. பின்னர் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தாகி மறுவிசாரணைக்கு உத்தரவானது.

காலியான இடம்

காலி இடத்தை நிரப்பியது நாடாளுமன்றம். மார்ச் கடைசியில் சமூக ஜனநாயகக் கட்சியின் யோஸோ க்ரிஷானோவிச் குரோட் உறுப்பினர் ஆனார். இஸெத்பெகோவிச் 2000 அக்டோபரில் உடல்நிலை காரணமாக விலகியிருந்தார், அந்த இடத்துக்கும் அதே சமயத்தில் பெரிஸ் பெல்கிச் வந்தார். அதாவது 2001 ஏப்ரலில் மூவரில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தவர் செர்ப் உறுப்பினர் ராடிஷிச் ஒருவர்தான்.

சரி, சண்டைக்குக் காரணமான விதி என்ன ஆனது? அரசியல் சாசன நீதிமன்றம் 2000ல் ஒரு பெரிய தீர்ப்பு தந்திருந்தது: மூன்று இனங்களும் நாடு முழுவதும், இரண்டு பகுதிகளிலும் சமமானவை. வழக்குப் போட்டவர் இஸெத்பெகோவிச். அதை நடைமுறைப்படுத்த 2002 ஏப்ரலில் பெட்ரிட்ச் சாசனத் திருத்தங்களைத் தானே பிறப்பித்தார். மக்களினங்களின் அவையில் போஸ்னியாக், குரோட், செர்ப் ஒவ்வொருவருக்கும் 17, மற்றவர்களுக்கு 7 என்றானது. அந்தந்த இனத்து உறுப்பினர்களை அந்தந்த இனத்துக் கான்டன் உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பார்கள் என்றும் ஆனது.

நிதானமாகப் படித்துப் பாருங்கள். யெலாவிச்சை எந்த விதியின் பேரில் நடந்த சண்டையில் நீக்கினார்களோ, அந்த விதி பதின்மூன்று மாதத்தில், நீக்கிய அதே கையாலேயே விலக்கப்பட்டது. விலக்கியது சரிதான். ஆனால் 2000 அக்டோபரிலேயே யாராவது குரோட் கட்சிகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருந்தால், யெலாவிச்சின் கையில் அறிவிக்க ஒரு காரணம் இருந்திருக்காது. அவருக்குப் பின்னால் நின்ற கூட்டத்தில் பாதி வந்திருக்காது.

நீக்கும் அதிகாரமும் கேள்விக்கு உள்ளானது, ஆனால் தாமதமாக. 2005 மார்ச்சில் ஐரோப்பிய அவையின் வெனிஸ் ஆணையம், மேல்முறையீடு இல்லாமல் அதிகாரிகளை நீக்குவது ஜனநாயகத்துக்குப் பொருந்தாது என்று கருத்துச் சொன்னது. அதே மாதம் 29ஆம் தேதி அடுத்த உயர் பிரதிநிதி பேடி ஆஷ்டவுன், இன்னொரு குரோட் உறுப்பினரை நீக்கினார். அவர் டிராகன் சோவிச், 2002ல் எச்.டி.இசட். வேட்பாளராக வென்றவர். ஊழல் குற்றச்சாட்டு பதிவான பின்பும் விலக மறுத்தார் என்பது காரணம். யெலாவிச் அரசியலுக்குத் திரும்பவே இல்லை. சோவிச் சில மாதத்திலேயே கட்சித் தலைவர் ஆனார். வழக்குகளில் கடைசியில் விடுதலையாகி 2014ல் அதே மூவர் பதவிக்கு மக்கள் வாக்கில் திரும்பினார்.

நடுவில் ஒன்று நடந்தது. தொடக்கத்தில் நினைவில் வைக்கச் சொன்ன விவரம் இதற்குத்தான். 2006ல் எச்.டி.இசட். உடைந்தது, உடைத்துத் தனிக்கட்சி கண்டவர் போஜோ லூபிச். குரோட் வாக்கு பிரிந்த அந்த ஆண்டில் சமூக ஜனநாயகக் கட்சியின் ஜெல்ஜ்கோ கோம்ஷிச் குரோட் உறுப்பினராக வென்றார். 2010ல் இன்னும் அதிக வாக்கில் வென்றார். போஸ்னியாக் பெரும்பான்மைப் பகுதிகளிலிருந்து அவருக்குப் பெரும் வாக்கு வந்தது. 2018ல் சோவிச்சையே தோற்கடித்தார், 2022ல் மறுபடி வென்றார். கோம்ஷிச் குரோட் இல்லையா? குரோட்தான். போரில் போஸ்னிய அரசின் படையில் நின்றவர், எல்லாக் குடிமக்களுக்கும் பொதுவான நாடு வேண்டும் என்பவர். எனக்கு அவர் சொல்வது பிடிக்கும். ஆனால் க்ரூடேயிலோ ஷிரோகி பிரியேகிலோ இருக்கும் ஒரு குரோட் வாக்காளர், ‘எங்கள் இடத்தில் யார் உட்காரவேண்டும் என்று வேறு ஊர்க்காரர்கள் முடிவு செய்கிறார்கள்’ என்று சொல்லும்போது, அது 2000ன் அதே வாக்கியம் என்று கேட்கிறவருக்குத் தெரியும்.

மறுபக்கமும் உண்டு, அது இன்னும் வலிக்கிறது. டெர்வோ ஸெய்டிச் ரோமா இனத்தவர், யாகோப் ஃபின்ட்ஸி யூதர். போஸ்னியாக், குரோட், செர்ப் என்று தங்களை அறிவிக்காததால் மூவர் பதவிக்கு அவர்கள் போட்டியிடவே முடியாது. 2009 டிசம்பர் 22 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு வந்த பிறகு 2010, 2014, 2018, 2022 என்று நான்கு தேர்தல் நடந்தது. நான்கும் பழைய விதியிலேயே நடந்தது. குரோட் இடத்துக்கு யார் வாக்களிப்பது என்ற சண்டை தீராதவரை சாசனத்தைத் தொட எச்.டி.இசட். சம்மதிப்பதில்லை. தொடும்போது அந்தச் சண்டையை அவர்கள் விரும்பும்படி முடிக்க மற்றவர்கள் சம்மதிப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள் ஸெய்டிச்சும் ஃபின்ட்ஸியும் அவர்களைப் போன்றவர்களும்.

1998 மாநாட்டில் யெலாவிச்சிடம் தோற்ற அதே லூபிச், பின்னாளில் அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போனார். மக்களினங்களின் அவைக்கு ஆட்களை அனுப்பும் தேர்தல் சட்டப் பிரிவுகள் சாசனத்துக்குப் பொருந்தவில்லை என்பது அவர் வாதம். 2016 டிசம்பர் 1 அன்று நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நாடாளுமன்றம் ஆறு ஆண்டு பேசியும் புதிய சட்டம் வரவில்லை. 2022 அக்டோபர் 2, தேர்தல் நாள். மாலையில் வாக்குச்சாவடிகள் மூடியதும், உயர் பிரதிநிதி கிறிஸ்டியன் ஷ்மிட் புதிய விதியைத் தானே பிறப்பித்தார். அவையில் ஒவ்வொரு இனத்துக்கும் 23, மற்றவர்களுக்கு 11. வாக்களித்துவிட்டு வீடு திரும்பியவர்கள், தாங்கள் போட்ட வாக்கு எந்த விதியில் எண்ணி இடமாக மாற்றப்படும் என்பதை அன்றிரவுச் செய்தியில் தெரிந்துகொண்டார்கள்.